பொருளாளர் அறிக்கை

கையிருப்பு முந்நூற்றுப் பதினோரு வெள்ளி நாற்பது காசு.
மைலோ டின்னில் இருக்கிறது.
சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை;
சங்கம் என்பது ஆறு பேர்,
ரோஸ்னானிக்கு இரவு வேலை விழுந்தால் ஐந்து.

ஞாயிறு காலை செந்தூலில்
சூன் லெங்கின் டயர் கடை வாசலில் கார் கழுவினோம்.
கார் ஒன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி.
கைருல் நுரைக் கையோடு விளக்கினான்:
தலை வைக்கோல் நிறம், கன்னத்தில் கறுப்புக் கோடு,
ஆற்றோரம் ஜோடியாகப் பாடும்,
பாட்டுக்காகவே பிடித்து விற்கிறார்கள்,
இனி எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.
கேட்டவர் தலையாட்டிவிட்டு
மிதியடியையும் தட்டித் தரச் சொன்னார்.

மலாயில் பாராவ்-பாராவ்.
தமிழில்? என்றாள் ஹேமலோசனி.
பல் மருத்துவமனையில் பெயர் கூப்பிடும் வேலை அவளுக்கு;
பெயரில்லாத எதையும் உள்ளே விடமாட்டாள்.
வைக்கோல்தலைச் சின்னான் என்றேன்.
துண்டறிக்கையில் அப்படியே ஏறிவிட்டது.
தவறென்றால் என் தவறு.

பதினோராவது காரின் பின் இருக்கையில்
துணி போர்த்திய கூண்டு.
உள்ளே என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.
அதுவே சொல்லிற்று,
குழாய்த் தண்ணீரின் சத்தம் கேட்டு
ஆறு என்று நினைத்ததோ என்னவோ.
ஆறு பேரும் ஈரத் துணியோடு நின்றோம்.
அவர் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டி
மீதி வேண்டாம், நல்ல காரியம் என்றார்.

அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று
இரண்டு மணி நேரம் சண்டை.
இக்னேஷியஸ் வாளியை உதைத்துவிட்டுப் போய்
வாளியை எடுக்கத் திரும்பி வந்தார்.
வரவில் எழுதியிருக்கிறேன். பெயர்: அன்பர்.

செலவு.
பழைய ஒலிப்பதிவுக் கருவி இரண்டு, பாட்டரி, பெட்ரோல், டோல்,
அட்டைக்கு எண்ணெய்.
பதினான்கு விடியல்கள்,
ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் வாய் திறக்காமல் நின்று
தாளில் பூஜ்யம் போட்டோம்.
பூஜ்யத்தையும் எழுத வேண்டும் என்பது சூன் லெங்கின் கட்டளை;
விற்காத டயரையும் மாதாமாதம் எண்ணுகிற மனிதர்.

கருவிகள் காட்டில் கேட்டதை
நாங்கள் துணி மடிக்கும்போது கேட்டோம்,
எல்.ஆர்.டி.யில் தொங்கிக்கொண்டு கேட்டோம்.
நானூறு மணி நேரம்.
தவளை, மழை, தூரத்துச் சுபுஹு பாங்கு,
மரம் அறுக்கும் இயந்திரம்,
யாரோ ஒருவன் மனைவியிடம் போனில் மன்னிப்புக் கேட்பது.

பிறகு, ஒரு நள்ளிரவில், அது.
ஒன்பதாம் மாடி அடுக்களையில்
நான் எழுந்து நின்றுவிட்டேன்.
எல்லாரையும் எழுப்பினேன்.
ரோஸ்னானிதான் கண்டுபிடித்தாள், வார்டில் இருந்தபடியே:
இருபத்திரண்டு நொடிக்கு ஒருமுறை
அதே குழைவு, அதே மூச்சு,
அதே இடத்தில் ஒரு நாய்க் குரைப்பு.
பறவையில்லை. கைப்பேசி.
வலை கட்டியவன் புதருக்குள் வைத்த பாட்டு.

நிறுத்தியிருக்கலாம்.
விரல் போகவில்லை.
நாற்பத்தோராம் நிமிடத்தில்
நாய் குரைக்காத ஒரு பாட்டு,
அக்கரையிலிருந்து,
அதன் மேலேறி இன்னொன்று.
இரண்டு.
வலைப்பக்கம் வந்தனவா என்பது பதிவில் இல்லை.
பாட்டரி தீர்ந்துவிட்டது.
மலிவான பாட்டரி; வாங்கியது நான்.

வனவிலங்கு இலாகாவுக்கு மனு போட்டாயிற்று,
தபால் செலவு தனியே.

ஆகவே அன்பர்களே,
அடுத்த மாதமும் கார் கழுவுகிறோம்.
பணம் எங்கே போகிறதென்று கேட்க
உங்களுக்கு உரிமை உண்டு:
எந்த ஆறு, எந்தப் பாலம், எத்தனையாவது மைல்கல்.
ரசீதுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
பெட்ரோல் ரசீதில் நிலையத்தின் பெயரை மட்டும்
கறுப்பு மையால் அடித்திருக்கிறேன்.